ஒரு கலயத்துக்கு எத்தனை மார்க்?

தேங்காய்ப்பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அக்கானி குடிக்கிறவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் சொற்களை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். தெளிவு. கலங்கல். சுண்ணாம்பு கூடிப்போச்சு. சுண்ணாம்பு போதாது. நுரை தட்டிட்டு. புளி ஏறிட்டு. நல்ல கனம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: அக்கானி என்றால் பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி. தடவாமல் கட்டினால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், ஆனால் இறங்குவது கள். முன்னதற்கு எங்கள் மாநிலத்தில் இடமுண்டு, பின்னதற்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

அந்தப் பட்டியலில் ஓர் எண்கூட இல்லை. 'இன்றைய அக்கானி ஐந்துக்கு மூன்றரை' என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எண் தெரியாதவர்கள் இல்லை. அதே ஆட்கள் மீனை ஏலம் எடுக்கும்போது எண்களில் புகுந்து விளையாடுவார்கள். ருசி என்று வரும்போது மட்டும் எண்ணுக்குப் போவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. மணிக்கு மணி மாறுகிற ஒன்றுக்கு எண் கொடுக்கலாமா, கொடுத்தால் அது யாரைப் பற்றிய தீர்ப்பு என்பது என் தொழிலிலும் எனக்கு நேரே வந்து நிற்கிற கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பீர்.

*

வேலை நிமித்தம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கேதான் காஸ்க் பிட்டர் என்ற பானம் அறிமுகமானது. நம் ஊரில் பீர் என்றால் நினைவுக்கு வரும் ஐஸ் போன்ற குளிர்ச்சியோ, மூக்கில் ஏறும் வாயுவோ அதில் கிடையாது. செம்பு நிறம். 11 முதல் 13 டிகிரி செல்சியஸ், அதாவது நிலவறையின் குளிர்ச்சி. நாக்கில் மால்ட்டின் பிஸ்கட் வாசனை, தொண்டையில் ஹாப்ஸின் கசப்பு. சாராயச் சத்து பெரும்பாலும் நாலு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். யார்க்‌ஷயரில் திமோத்தி டெய்லர் நிறுவனத்தின் லேண்ட்லார்ட் 4.3 சதவீதம். பிரிட்டனின் சாம்பியன் பீர் என்ற பட்டத்தை நாலு தடவை வாங்கியது. முதல் மடக்கில் 'இதுக்கா இவ்வளவு?' என்றுதான் தோன்றும்.

இதில் முக்கியமான சங்கதி, மதுவாலையை விட்டுக் கிளம்பும்போது இந்த பீர் முடிந்துபோவதில்லை என்பது. வடிகட்டாமல், சூடேற்றி ஈஸ்ட்டைக் கொல்லாமல் பீப்பாயில் அடைக்கிறார்கள். பப்பின் நிலவறையில் கிடக்கும்போது அது இரண்டாம் முறை நொதிக்கிறது. பீப்பாயின் மேல்துளையில் மென்மரத்தாலான சிறு ஆணியைச் செருகினால் வாயு மெல்லக் கசியும், கடினமான ஆணியைச் செருகினால் அடங்கும். எப்போது எதைச் செருகுவது என்பது நிலவறையைக் கவனிக்கிற ஆளின் கை. கலங்கலைப் படியவைக்க ஐசிங்ளாஸ் சேர்ப்பது பழைய வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. இதற்கான காற்றுப்பை இந்தியக் கடற்கரைகளில் கிடைப்பதைப் பற்றி ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்பவர் 1842இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். பீப்பாயைத் திறந்தபின் மூன்று நாள் போல நன்றாக இருக்கும். அப்புறம் காற்று வேலையைக் காட்டிவிடும், வினிகர் வாடை தட்டும்.

படிக்கும்போதே கள் ஞாபகம் வந்திருக்கும். அதே கதைதான், கள்ளில் எல்லாம் நூறு மடங்கு வேகம். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. காலையில் இறக்கியது இனிக்கும், மதியம் உறைக்கும், மறுநாள் புளிக்கும், அதற்கப்புறம் ஆப்பமாவுக்கோ காடிக்கோதான் ஆகும். பிட்டரின் மூன்று நாளைக் கள் ஒரே பகலில் வாழ்ந்து முடித்துவிடுகிறது.

*

லீட்ஸில் என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஆப்பில் மார்க் போடுவார். அன்டாப்ட் என்ற ஆப். ஐந்து நட்சத்திரம், கால் கால் மார்க்காகக் கூட்டலாம். இன்னொருவர் பழைய ஆள். கேம்ரா உறுப்பினர். காஸ்க் பீர் அழிந்துவிடக் கூடாது என்று 1971இல் நாலு பேர் சேர்ந்து தொடங்கிய இயக்கம் அது. அவரும் மார்க் போடுவார், ஆனால் வேறு மாதிரி. கேம்ராவின் அளவுகோலும் ஐந்து வரைதான். மோசம், சுமார், நன்று, மிக நன்று, குறையே இல்லை என்று ஏறும். ஐந்தை அபூர்வமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட வழிகாட்டுதல்.

இரண்டும் ஐந்துக்குத்தானே என்று நினைத்தேன். இல்லை. சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், ஆப் மார்க் போடுவது கிளாஸுக்கு, கேம்ரா மார்க் போடுவது ஆப்ஜெக்ட்டுக்கு. 'லேண்ட்லார்ட்' என்ற பெயருக்கு, அந்தச் செய்முறைக்கு, உலகம் முழுவதிலுமிருந்து வந்த மார்க்குகளின் சராசரி ஆப்பில் இருக்கும். கேம்ராவின் தாளில் இருப்பது 'இந்த பப், இந்தத் தேதி, இந்த கிளாஸ்'. பிடித்ததா என்பது அங்கே கேள்வியே அல்ல, ஒழுங்காகப் பேணியிருக்கிறார்களா என்பதுதான். இனிப்பு பீர் பிடிக்காதவரும் நன்றாகப் பேணிய இனிப்பு பீருக்கு நாலு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. யார்க்‌ஷயரில் குழாய் முனையில் துளையிட்ட ஒரு மூடி மாட்டி, கிரீம் போல நுரை வர ஊற்றுவார்கள். தெற்கே பல இடங்களில் அது இல்லாமல் ஊற்றுவார்கள், நுரை ஒப்புக்கு இருக்கும். அதே பீப்பாய், இரண்டு பானம். லண்டனில் ஒருவன் போட்ட மார்க்கையும் லீட்ஸில் ஒருவன் போட்ட மார்க்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற எண் எந்த கிளாஸைப் பற்றியது? யாருமே குடிக்காத ஒரு கிளாஸைப் பற்றியது.

கள்ளுக்கு வந்தால் இது இன்னும் தீவிரம். கள்ளில் கிளாஸ் என்று ஒன்றே இல்லை, ஆப்ஜெக்ட்கள் மட்டும்தான். இந்த மரம், இந்தப் பாளை, இந்தக் காலை, இந்த ஆள். என் பாட்டா (அம்மாவின் அப்பா) பனையேறி. 'நேத்து மாதிரி இல்லியே பாட்டா' என்று அக்கானியைப் பற்றிச் சின்ன வயதில் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: "எல்லா நாளும் ஒண்ணுபோல வேணும்னா கடையில போய் கலர் வாங்கிக் குடி மக்களே. இது மரமாக்கும்."

*

டேவிட் ஹ்யூம் 1757இல் ருசியின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆளுக்கு ஆள் ருசி மாறும் என்றால் நல்லது கெட்டது என்று எதைச் சொல்வது என்பது அவர் கேள்வி. அதில் டான் குயிக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினை ருசி பார்க்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாடை என்கிறார். மற்றவர், நல்ல ஒயின்தான், லேசாக இரும்பு வாடை என்கிறார். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் பார்த்தால், அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி.

ருசிக்கும் உண்மை உண்டு, பழகிய நாக்கு அதைக் கண்டுபிடிக்கும் என்பதற்கு ஹ்யூம் இந்தக் கதையைச் சொல்கிறார். எனக்கு இதில் வேறொன்று தட்டுப்படுகிறது. அந்த இருவரிடமும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் இருவரும் நாலு என்று சொல்லியிருப்பார்கள். சராசரி நாலு. முழு உடன்பாடு. சாவியைப் பற்றிய இரண்டு தகவல்களும் அந்த நாலுக்குள் செத்துப்போயிருக்கும்.

'தோல் வாடை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு பீப்பாய்க்காரன் ஏதாவது செய்ய முடியும். கையை விட்டுத் துழாவலாம். 'நாலு' என்பதை வைத்துக்கொண்டு அவன் பயப்பட மட்டுமே முடியும். அடுத்த மாதம் மூணே முக்கால் ஆகிவிடுமோ? எங்கள் ஊர்ச் சொற்களைத் திரும்பப் பாருங்கள். 'சுண்ணாம்பு கூடிப்போச்சு' என்பது குறை சொல்வதுதான், அதற்குள்ளேயே திருத்தமும் இருக்கிறது. நாளைக்குக் கொஞ்சம் குறைத்துத் தடவு. நாங்கள் எண்ணுக்குப் போகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்கிறவர் மறுநாளும் மரமேறப் போகிறவர். அவருக்குத் தேவை தீர்ப்பு அல்ல.

*

இதை வைத்து அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. முகத்துக்கு நேரே சொல்வது எப்போதும் நாகரிகமாக நடந்ததில்லை. தோள்சீலை உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த சமூகம் இது. பனையேறியிடம் நேரே சொன்ன சொற்களில் எத்தனையோ ருசியைப் பற்றியவை அல்ல, சாதியைப் பற்றியவை. கலயத்தில் குறை இருந்ததோ இல்லையோ, கலயத்தைக் கொண்டுவந்தவனிடம் குறை காண ஆள் இருந்தது. ஊரில் சொந்தபந்தம் இல்லாத வெளியாள், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று தெரியாத பயணி, வாய் திறந்து குறை சொல்லப் பயப்படுகிற பெண், இவர்களுக்கெல்லாம் பெயர் தெரியாத ஆயிரம் பேரின் எண் ஒரு பாதுகாப்பு. எண்ணுக்கு முகம் பார்க்கத் தெரியாது, சாதி கேட்கத் தெரியாது. அது அதன் பலம். அதை நான் மறுக்கவில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2000த்தில் கேரளத்தின் கல்லுவாதுக்கலில் 31 பேர். அங்கே தேவைப்பட்டது ருசி பற்றிய தத்துவம் அல்ல, அளவீடு. இதில் மெத்தனால் எவ்வளவு என்ற ஒற்றை எண். அளவீடு வேறு, மார்க் வேறு. அளவீடு பொருளில் இருப்பதைச் சொல்கிறது. மார்க் என்பது பொருளுக்கும் எனக்கும் நடுவே நடந்த ஒன்றை, பொருளில் மட்டுமே இருப்பதுபோலச் சொல்கிறது.

அளவீட்டுக்கும் உயிருள்ள பொருள் லேசில் அடங்காது. தென்னங்கள்ளில் சாராயச் சத்து 8.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கேரள விதி வைத்தார்கள். அந்தக் கோட்டைப் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. கோடு போட்டதுமே, எந்த மணி நேரத்துச் சதவீதம் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. கேரளத்துக் கடைகளுக்கு வரும் கள்ளில் பெரும்பகுதி பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்து வண்டியேறி வருவது. வண்டி ஓடும்போதும் ஈஸ்ட் ஓய்வெடுப்பதில்லை.

*

மார்க் இன்னொன்றும் செய்கிறது. பீர் ஆப்களில் உச்சியில் இருக்கும் பெயர்களைப் பார்த்தால் எப்போதும் ஒரே வகைதான்: பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏறிய கறுப்பு ஸ்டவுட்டுகள், ஹாப்ஸை அள்ளிக் கொட்டிய இரட்டை ஐபிஏக்கள். நாலு சதவீத பிட்டர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. பிட்டர் மட்டம் என்று இதற்கு அர்த்தமல்ல. ஒரு மடக்கில் அசத்துவதற்காக அது செய்யப்படவில்லை. மூன்று கிளாஸ், மூன்று மணி நேரம், நடுவே பேச்சு என்பதற்காகச் செய்யப்பட்டது. பேச்சுக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பதுதான் அதன் திறமை. ஒரு மடக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற முறையில் அந்தத் திறமை தெரியவே தெரியாது. பழஞ்சோற்றுக்கு யார் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்? ஆனால் நம்மை வளர்த்தது அது.

இங்கேதான் என் தொழில் வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒன்று முதல் ஐந்து வரை வருடாந்தர அப்ரைசல். பெல் கர்வில் பொருந்த வேண்டும், குழுவில் இத்தனை பேருக்குத்தான் நாலுக்கு மேல், யாராவது ஒருவருக்கு இரண்டு விழுந்தே ஆக வேண்டும். யாருக்கு ஐந்து போகும்? டெமோவில் அசத்துகிறவருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழாமல் இருப்பதற்காக மூன்று மாதத்துக்கு முன்பே ஒரு வரியை மாற்றி எழுதியவருக்கு? மூன்று. 'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்.' எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை, நடக்காததற்கு மார்க் போட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர் பிட்டர். அவரைச் சுற்றி ஸ்டவுட்டுகள்.

நாளடைவில் எல்லோரும் ஸ்டவுட் ஆகிறார்கள். அளவுகோலே இலக்காகிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கிறது என்பதை சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞரின் பெயரால் குட்ஹார்ட் விதி என்கிறார்கள். என் தொழிலில் இதை அறியாதவர்கள் குறைவு. அறிந்தும் அடுத்த மார்ச்சில் எண்ணைத்தான் நிரப்புகிறோம்.

*

மார்க் போடும் ஆளுக்கும் மார்க் வாங்கும் ஆளுக்கும் உள்ள நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டும். கள் நன்றாக இல்லாவிட்டால் எனக்கு ஒரு கிளாஸ் நஷ்டம். பாட்டாவுக்கு ஒவ்வொரு கலயமும் ஐம்பது அறுபது அடி உயரம். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் திளாப்பு, நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். இதற்காக, மோசமான கள்ளை நல்ல கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அது அவரை அவமதிப்பது. ஆனால் என் ஒரு மடக்குக்கு அவரது ஒரு வருடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் முறையை, இது சும்மா என் அபிப்ராயம்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அபிப்ராயத்தைச் சராசரியில் சேர்த்ததும் அது அபிப்ராயமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

லீட்ஸில் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிட்டர் வினிகர் வாடை அடித்தால் கவுண்டருக்குக் கொண்டுபோய், 'இது திரும்பிவிட்ட மாதிரி இருக்கிறது' என்று சொன்னால் போதும். ஊற்றுகிறவர் முகர்ந்து பார்ப்பார், பெரும்பாலும் தகராறு இல்லாமல் வேறு கிளாஸ் வரும், சில நேரம் நிலவறைக்கும் ஆள் போவார். சொன்னவர் அங்கேயே நிற்கிறார். தவறாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் பதில் கிடைக்கும். கேட்கிற தூரத்தில் நின்று சொல்லும் குறைக்கு ஒரு நேர்மை உண்டு.

*

எங்கள் மாவட்டத்தில் நடந்தது வேறு. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கு அப்பால் விழுந்தது. இன்று அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மரச்சீனி, அந்தப் பக்கம் கப்பை. கிழங்கு ஒன்றுதான். இந்தப் பக்கம் கள் குற்றம். அந்தப் பக்கம் பாறசாலையைத் தாண்டினால் 'கள்ளு' என்று மலையாளத்தில் எழுதிய பலகை. மதுரக்கள்ளு, அந்திக்கள்ளு, மூத்த கள்ளு என்று கள்ளைப் பிரித்துச் சொல்லும் சொற்களை நான் கேட்டது அந்தப் பலகைக்குக் கீழேதான். என் ஊரில் அக்கானிக்குச் சொற்கள் பிழைத்திருக்கின்றன. கள்ளுக்கான சொற்கள் பாட்டாவோடு போய்விட்டன.

தடை சரியா தவறா என்பது தனி விவாதம், குடியால் அழிந்த வீடுகள் எனக்கும் தெரியும். இங்கே என் கவலை வேறு. ஒரு பொருளைத் தடை செய்யும்போது, அதை நல்லது கெட்டது என்று பிரிக்கும் மொழியும் சேர்ந்து தடையாகிறது. சங்கப் பாடல்களில் கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்று எத்தனை சொற்கள். டாஸ்மாக் காலத்தில் நம்மிடம் எஞ்சியது 'சரக்கு' என்ற ஒரே சொல். லாரியில் ஏற்றுவதற்கும் தொண்டையில் இறக்குவதற்கும் ஒரே பெயர். சரக்குக்கு ருசி பேச வேண்டியதில்லை, பாட்டில் விலை பேசினால் போதும்.

அந்தப் பழைய சொற்களில் தேறல் எனக்கு நெருக்கமானது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தெளியவைக்க உரைக்கும் தேத்தாங்கொட்டையிலும் அதே வேர். பரீட்சையில் தேறினான் என்பதும் அதே சொல். மார்க்கையும் மதுவையும் தமிழ் என்றோ ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிறது. ஆனால் தேறுவது கலங்கல் தானாக அடியில் படிவது. அதற்கு அவகாசம் வேண்டும், கலக்காமல் வைத்திருக்க ஒரு கை வேண்டும். வெளியிலிருந்து ஒட்டப்படும் முத்திரையை அந்தச் சொல் சொல்லவில்லை.

எனவே இப்போதைக்கு என் முடிவு இதுதான். எதையாவது மதிப்பிட வேண்டி வந்தால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறேன். தீங்கு இல்லாததா? இதற்கு எண் வேண்டும், கறாராக வேண்டும். ஒழுங்காகப் பேணப்பட்டதா? இதற்கு இடமும் நாளும் குறிப்பிட்ட, திருத்தத்துக்கு உதவுகிற சொல் வேண்டும். எனக்குப் பிடித்ததா? இதற்கு என் பெயர் வேண்டும், சராசரிக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. மூன்றையும் ஒரே எண்ணில் பிசைந்து கொடுப்பதுதான் அநியாயம்.

இப்போது என் குழுவில் ஆறு பேர். மார்ச்சில் அவர்களுக்கு நான் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் எண்ணுக்கான கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம். கீழே குறிப்புக்கான பெட்டி, விருப்பமிருந்தால் மட்டும். எண்ணைப் போடாமல் தப்பிக்க எனக்கு வழி தெரியவில்லை. பெட்டியை முதலில் நிரப்புகிறேன். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுகிறேன், அவர் சொல்லும் பதிலையும் அதிலேயே சேர்த்து எழுதுகிறேன். அதற்குப் பிறகுதான் மேலே போய் எண்.